குளோரல் ஹைட்ரேட்: சரியான மருந்து, தவறான காரணம்

கேள்வி இது: "என் இரண்டு வயது மகளுக்கு ஈ.ஈ.ஜி. (மூளை அலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனை) எடுக்க வேண்டியிருந்தது. தூங்க வைப்பதற்காக ட்ரைக்ளோஃபாஸ் என்ற சிரப் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால், குளோரல் ஹைட்ரேட் என்ற 19ஆம் நூற்றாண்டுத் தூக்க மருந்தின் வழியில் வந்தது என்றும், அந்தப் பழைய மருந்தால் பலர் இறந்திருக்கிறார்கள் என்றும் போட்டிருக்கிறது. இவ்வளவு பழைய மருந்தை ஏன் இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள்? நான் பயப்பட வேண்டுமா?"

நீங்கள் படித்த இரண்டும் உண்மை. ஆனாலும் மருத்துவமனைக்குள், குழந்தையின் எடையைப் பார்த்து, ஒரே ஒரு தடவை, மூச்சையும் நாடியையும் கவனிக்க ஆள் பக்கத்தில் இருக்கும்போது கொடுத்திருந்தால், முடிந்துபோன அந்தத் தூக்கத்தை நினைத்து இப்போது கலங்க வேண்டியதில்லை. வீட்டிலேயே ஊற்றிக் கொடுத்துத் தூங்க வைத்துத் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தால் மட்டும் அடுத்த தடவை சம்மதிக்காதீர்கள். ஏன் என்று விளங்க, மருந்தின் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். நான் பல ஆண்டுகள் மருத்துவமனை மருந்தகத்தில் மருந்து கலந்து கொடுத்தவன். அதனால் பாட்டிலிலிருந்தே தொடங்குகிறேன்.

குளோரல் ஹைட்ரேட் பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் வரும். நிறமில்லாத, கண்ணாடித் துண்டு போன்ற படிகங்கள். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் ஒரு காரமான வாசனை. காகிதத்தில் கொஞ்சம் கொட்டி அப்படியே விட்டால் மெல்ல மெல்லக் காற்றில் கலந்து குறைந்துகொண்டே போகும். தண்ணீரில் போட்டால் கலக்கவே வேண்டாம், தானாகக் கரைந்துவிடும். நாக்கில் பட்டால் கசப்பும் எரிச்சலும் சேர்ந்து பிடிக்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் ஆரஞ்சுத் தோல் சிரப் மாதிரி ஏதாவது ஒன்றில் நன்றாக நீர்க்க வைத்து மிக்ஸ்சராகக் கொடுத்தார்கள்.

படிக்கும்போது இதற்கு ஒரு அடையாளச் சோதனை செய்வோம். சோதனைக் குழாயில் கொஞ்சம் படிகத்தைக் கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடு என்ற வலுவான காரத்தின் கரைசலை விட வேண்டும். தெளிவாக இருந்த நீர் சட்டென்று பால் போலக் கலங்கும். லேசாகச் சூடாக்கினால் இனிப்பு கலந்த ஒரு கனமான வாசனை எழும். அது குளோரோஃபார்ம், அந்தக் காலத்து மயக்க மருந்து. காரம் பட்டதும் குளோரல் இரண்டாக உடைந்து, குளோரோஃபார்ம் ஒரு பக்கமும் ஃபார்மிக் அமிலத்தின் உப்பு இன்னொரு பக்கமுமாகப் பிரிந்துவிடுகிறது. இந்தச் சோதனைக் குழாயை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தின் பிறப்பே இதற்குள்தான் இருக்கிறது.

ஜெர்மனியின் கீஸன் நகரில் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் 1832இல் ஆல்கஹாலுக்குள் குளோரின் வாயுவைச் செலுத்தி ஒரு புதுப் பொருளைப் பெற்றார். குளோரின், ஆல்கஹால் இரண்டின் முன்பாதிகளையும் ஒட்டி 'குளோரல்' என்று பெயர் வைத்தார். தண்ணீர் சேர்ந்தால் அது படிகமாகி குளோரல் ஹைட்ரேட் ஆகும். ஒரே கார்பனில் இரண்டு ஹைட்ராக்சில் குழுக்கள் உட்கார்ந்திருக்கும் பொருள் பொதுவாக நிலைத்து நிற்காது, தண்ணீரை உதறிவிடும். இதில் பக்கத்துக் கார்பனில் இருக்கும் மூன்று குளோரின் அணுக்கள் எலெக்ட்ரான்களைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வதால் அது அப்படியே நிற்கிறது. வேதியியல் வகுப்பில் இன்றும் இதை உதாரணமாகச் சொல்லுவார்கள். லீபிக்குக்கோ இது தூக்கம் தரும் என்று தோன்றக் காரணமே இல்லை. அவருக்கு இது ஆய்வுக்கூடத்துப் பொருள். அடுத்த 37 ஆண்டுகள் அது அலமாரியிலேயே கிடந்தது.

அந்த 37 ஆண்டுகளில் தூக்கமில்லாதவர்களுக்கு என்ன இருந்தது? அபினி இருந்தது. அபினியை ஆல்கஹாலில் ஊறவைத்த லாடனம் இருந்தது. வலியையும் அடக்கித் தூங்கவும் வைக்கும். கூடவே குமட்டல், மலச்சிக்கல், விட முடியாத பழக்கம். மது இருந்தது. 1857இல் சார்லஸ் லோகாக் பொட்டாசியம் புரோமைடை வலிப்புக்குக் கொடுக்கலாம் என்று சொன்ன பிறகு புரோமைடும் வந்தது. ஆனால் புரோமைடு உடம்பைவிட்டு வெளியேற மிக மெதுவாக நகரும். பாதி அளவு போவதற்கே பன்னிரண்டு நாள் பக்கம் ஆகும். தினமும் குடித்தால் சேர்ந்துகொண்டே போய் ஆளைக் குழப்ப நிலையில் தள்ளிவிடும். இன்று இரவு தூங்கி நாளைக் காலை தெளிந்து எழ வேண்டும் என்ற எளிய தேவைக்குப் பொருத்தமான மருந்து ஒன்றுகூட இல்லை.

1869இல் பெர்லினில் ஆஸ்கர் லீப்ரைஷ் என்ற மருந்தியலாளர் யோசித்தது நம் சோதனைக் குழாயைத்தான். காரத்தில் குளோரல் உடைந்து குளோரோஃபார்ம் வருகிறது. மனித ரத்தமும் லேசான காரத்தன்மை உடையது. அப்படியானால் குளோரலை விழுங்கினால் ரத்தத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குளோரோஃபார்ம் ஊறாதா? அறுவை மேசையில் முகமூடி வைத்து முகரவேண்டிய மயக்கம், ஒரு மடக்கு மருந்தில் மெதுவாக, நெடுநேரம் கிடைக்காதா? முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார், தூங்கின. நோயாளிகளுக்குக் கொடுத்தார், அவர்களும் தூங்கினார்கள். அரைமணி ஒருமணி நேரத்தில் தூக்கம், காலையில் ஓரளவு தெளிவு. முழுக்கச் செயற்கையாகத் தயாரித்து, தூக்கத்துக்கென்றே கொடுக்கப்பட்டு, பலன் உறுதியாகத் தெரிந்த முதல் மருந்து என்று இதைத்தான் சொல்லுகிறோம்.

அது பரவிய வேகத்தை இன்று கற்பனை செய்வது கஷ்டம். ஊசி தேவையில்லை, செடியிலிருந்து வடிக்க வேண்டியதில்லை, எந்தத் தொகுப்பை எடுத்தாலும் ஒரே வலிமை. மனநல விடுதிகளில் இரவு முழுக்க அலறிக்கொண்டிருந்தவர்கள் அமைதியானார்கள். அதைச் சிகிச்சை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல இடங்களில் அது பராமரிப்பவர்களின் இரவைத்தான் எளிதாக்கியது. டெட்டனஸ் இழுப்புக்குக் கொடுத்தார்கள். பிரான்சின் போர்டோ நகரில் பியர் சிப்ரியன் ஓரே 1870களின் தொடக்கத்தில் இதைச் சிரைக்குள்ளேயே செலுத்தி மயக்கம் கொடுத்துப் பார்த்தார். சிரை வழியாக மயக்க மருந்து கொடுப்பதற்கு அதுதான் தொடக்கம்.

இப்போது முக்கியமான இடம். லீப்ரைஷ் நினைத்தது தவறு. ரத்தத்தின் காரத்தன்மை ரொம்பவே மென்மையானது, பி.ஹெச். 7.4. சோதனைக் குழாயில் நாங்கள் ஊற்றும் சோடியம் ஹைட்ராக்சைடோடு அதை ஒப்பிடவே முடியாது. அந்த ரத்தத்தில் குளோரல் உடைந்து தூக்கம் வரும் அளவுக்குக் குளோரோஃபார்ம் உண்டாவதில்லை. இதற்கான தடயம் சீக்கிரமே கிடைத்தது. 1875இல் யோசெஃப் ஃபான் மெரிங்கும் மஸ்குலஸும் குளோரல் சாப்பிட்டவர்களின் சிறுநீரில் குளோரின் சேர்ந்த ஒரு புதிய அமிலத்தைக் கண்டார்கள். தாமிரக் கரைசல் சோதனையில் அது சர்க்கரை இருப்பது போலவே காட்டிக் குழப்பியது. விழுங்கிய மருந்து உடம்பில் வேறு எதுவாகவோ மாறி, வேறு ஒன்றோடு கைகோத்து வெளியே வருகிறது என்பதற்கு அது சாட்சி.

முழு விடை வந்தது 1948இல்தான். தாமஸ் பட்லர் என்ற மருந்தியலாளர், குளோரல் ஹைட்ரேட் உடம்புக்குள் போனதும் என்ன ஆகிறது என்று அளந்து பார்த்தார். விழுங்கிய சில நிமிடங்களிலேயே கல்லீரலும் ரத்த அணுக்களும் அதை ட்ரைக்ளோரோஎத்தனால் என்ற ஆல்கஹாலாக மாற்றிவிடுகின்றன. நெடுநேரம் ரத்தத்தில் இருப்பதும், தூக்கம் கொடுப்பதும் அதுதான். மூளையில் காபா என்ற அமைதிப்படுத்தும் சமிக்ஞை எந்த வாயிலில் வேலை செய்கிறதோ, அதே வாயிலில் இதுவும் போய் அந்தச் சமிக்ஞையைப் பலப்படுத்துகிறது. ஆக 79 ஆண்டுகள் உலகம் முழுக்க ஒரு மருந்தைக் குடித்துத் தூங்கிக்கொண்டிருந்தது, தூங்க வைத்தது எது என்று சரியாகத் தெரியாமலே. மருந்தியலில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. முயல் தூங்கியது என்பது உண்மை. அதற்குச் சொன்ன காரணம் பொய். இரண்டையும் தனித்தனியாக நிறுத்திப் பார்க்கப் பழகாதவரை மருந்தியல் கைக்கு வராது.

குளோரலை ட்ரைக்ளோரோஎத்தனாலாக மாற்றும் நொதிகளில் முக்கியமானது ஆல்கஹால் டீஹைட்ரோஜினேஸ். பெயரே சொல்கிறது, குடித்த மதுவைச் சிதைக்கும் நொதியும் அதுதான். மது சிதையும்போது உண்டாகும் பொருள் குளோரலின் மாற்றத்தை வேகப்படுத்துகிறது. குளோரல் பதிலுக்கு மது சிதைவதைத் தாமதிக்கிறது. இரண்டையும் சேர்த்துக் குடித்தவருக்கு இரண்டின் பலமும் கூடும். மது விடுதிகளில் வாடிக்கையாளரின் கோப்பையில் இதைச் சில சொட்டு விட்டு, விழுந்தவுடன் பையைத் துழாவும் கூட்டம் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. 1903இல் சிகாகோவில் மிக்கி ஃபின் என்ற விடுதிக்காரர்மேல் அப்படித்தான் புகார் எழுந்தது. மயக்க மருந்து கலந்த மதுவுக்கு ஆங்கிலத்தில் இன்றும் அவர் பெயர்தான்.

ஓவியரும் கவிஞருமான தாந்தே காப்ரியேல் ரோஸெட்டி அதே கலவையைத் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டார். 1870 வாக்கில், தூக்கம் வராமல் தவித்தபோது நண்பர் ஒருவர் குளோரலைச் சொன்னார். வாய்க்குச் சகிக்காத அந்தச் சுவையைப் போக்க மேலே விஸ்கி குடித்தார். அளவு ஏறிக்கொண்டே போயிற்று. 1882இல் இறக்கும்வரை அது அவரை விடவில்லை. தத்துவ அறிஞர் நீட்சேயும் 1880களில் இதைத் தஞ்சமடைந்தார். லண்டனில் இதைப் பரப்பியவர்களில் ஒருவரான பெஞ்சமின் வார்ட் ரிச்சர்ட்சனே, குளோரல் பழக்கம் ஒரு நோயாக வளர்ந்துவிட்டது என்று பின்னர் எச்சரிக்க வேண்டி வந்தது. அளவு ஏறக் காரணம் உண்டு. சில வாரம் தொடர்ந்து எடுத்தால் உடம்பு பழகிவிடும், பழைய அளவுக்குத் தூக்கம் வராது. திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும்கூட வரும்.

இன்னொரு மரணத்தைச் சொல்லாமல் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. ஜான் டிண்டால், ஒளி நுண்துகள்களில் பட்டுச் சிதறுவதை ஆராய்ந்த இயற்பியலாளர். டிண்டால் விளைவு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். வயதான காலத்தில் அவருக்குத் தூக்கமின்மை, வயிற்றுக் கோளாறு இரண்டும் இருந்தன. முதலாவதற்குக் குளோரல், இரண்டாவதற்கு மக்னீசியா. இரண்டு மருந்தும் மனைவி லூயிஸாவின் கையால்தான். 1893 டிசம்பர் 4 காலையில் மக்னீசியா என்று நினைத்து அவர் ஊற்றிக் கொடுத்தது குளோரல். இனிக்கிறதே என்று டிண்டால் சொன்ன பிறகுதான் லூயிஸா பாட்டிலைப் பார்த்தார். வாந்தி எடுக்க வைத்தார்கள், மருத்துவர்கள் வந்தார்கள். அன்று மாலைக்குள் உயிர் போய்விட்டது. அவருக்கு வயது 73. கணவரின் வாழ்க்கை வரலாற்றுக்காகக் கடிதங்களையும் குறிப்புகளையும் சேகரிப்பதிலேயே லூயிஸா மீதி வாழ்நாளைச் செலவிட்டார். 1940இல் அவர் இறக்கும்போதும் அந்தப் புத்தகம் முடிந்திருக்கவில்லை. மருந்தகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் லேபிளை மூன்று தடவை படியுங்கள் என்று சொல்லும்போதெல்லாம், மருந்து எடுக்கையில், ஊற்றுகையில், திரும்ப வைக்கையில் என்று விரல் விட்டு எண்ணும்போதெல்லாம், எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் தோன்றும்; பார்த்திராத முகம்.

ஒரு கரண்டி மாறியதற்கே உயிர் போகுமா என்றால், போகும். பெரியவர்களுக்குத் தூக்க அளவு அரை கிராமிலிருந்து ஒரு கிராம், கூடிப்போனால் இரண்டு. சுமார் 10 கிராம் உயிருக்கு ஆபத்து என்று பாடநூல்கள் சொல்கின்றன. ஆனால் 4 கிராமிலேயே இறந்தவர் உண்டு, 30 கிராம் குடித்தும் பிழைத்தவர் உண்டு. இந்தக் கணிக்க முடியாத தன்மைதான் எங்களை அச்சுறுத்துவது. அளவு கூடினால் மூச்சு மந்தமாகும். அதைவிட மோசம், இதயத்தை அட்ரினலினுக்கு மிகையாகத் துடிக்க வைத்து, தாளம் தப்பச் செய்யும். வழக்கமாக உயிர் காக்கும் அட்ரினலின் ஊசியே இங்கே எதிரியாகலாம். அதனால் இதில் அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் பீட்டா பிளாக்கர் வகை மருந்தைத்தான் தேடுவார்கள். வயிற்றில் சிக்கிய மருந்து எக்ஸ்ரேயில் தெரியும் என்பது அவசரப் பிரிவில் இருப்பவர்களுக்கு உதவும் ஒரு செய்தி.

இப்படிப்பட்ட மருந்துக்கு மாற்றுத் தேடாமல் இருப்பார்களா? 1882இல் பாரால்டிஹைடு வந்தது. பாதுகாப்பானதுதான், ஆனால் குடித்தவரின் மூச்சில் ஒரு நாள் முழுக்க நாற்றம். 1903இல் எமில் ஃபிஷரும், சிறுநீரில் அந்த அமிலத்தைக் கண்ட அதே மெரிங்கும் சேர்ந்து வெரோனல் என்ற முதல் பார்பிசுரேட்டைக் கொண்டுவந்தார்கள். (இதே மெரிங்தான் மின்கோவ்ஸ்கியோடு சேர்ந்து 1889இல் கணையத்தை எடுத்தால் நீரிழிவு வருகிறது என்று காட்டியவர். ஒரு மனிதர் இத்தனை கதவுகளைத் தட்டியிருக்கிறார்.) பார்பிசுரேட்டுகள் அரை நூற்றாண்டு ஆண்டன, தம் பங்குக்கு உயிர்களையும் எடுத்தன. 1962இல் மர்லின் மன்றோ இறந்தபோது உடலில் பென்டோபார்பிட்டலும் குளோரல் ஹைட்ரேட்டும் சேர்ந்தே இருந்தன. அமைதிப்படுத்தும் புது வகை மருந்துகளான லிப்ரியம் 1960இலும் வாலியம் 1963இலும் வந்த பிறகு பெரியவர்களின் படுக்கையறையிலிருந்து குளோரல் அநேகமாக வெளியேறிவிட்டது. தாவரத் தூளை நுண்ணோக்கியில் தெளிவாகப் பார்க்க அதைக் குளோரல் கரைசலில் சூடாக்குவது மட்டும் இன்றும் மருந்தியல் மாணவர்களின் அன்றாட வேலை.

அப்படியானால் குழந்தைகளிடம் மட்டும் ஏன் தங்கியது? ஈ.ஈ.ஜி.தான் இதற்கு நல்ல பதில். வாலியம் குடும்பத்து மருந்துகள் மூளை அலைகளில் வேகமான அலைகளைச் சேர்த்துவிடும், வலிப்பின் அடையாளங்களையும் மறைத்துவிடும். எதைத் தேடிப் போகிறோமோ அதையே அழித்துவிட்டால் பரிசோதனை எதற்கு? குளோரல் தரும் தூக்கத்தில் அந்த அடையாளங்கள் பெரும்பாலும் அப்படியே தெரிகின்றன. ஊசி குத்தவும் வேண்டாம். இரண்டு வயதுக் குழந்தை தலையில் ஒட்டிய கம்பிகளோடு அரைமணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் மகளுக்குக் கொடுத்த ட்ரைக்ளோஃபாஸ், பட்லர் கண்டுபிடித்த ட்ரைக்ளோரோஎத்தனாலில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிச் செய்தது. குடலில் அந்த பாஸ்பேட் கழன்றுவிடும். தூக்கம் தரும் பொருள் நேராக ரத்தத்துக்குப் போகும். நடுவில் குளோரல் என்ற கட்டமே இல்லை. அதனால் நாக்கில் எரிச்சலும் வயிற்றில் குமட்டலும் குறைவு. லீப்ரைஷின் தவறு திருத்தப்பட்டதால் பிறந்த மருந்து என்றே இதைச் சொல்லலாம்.

ஆனால் எரிச்சல் குறைந்தது என்பதால் ஆபத்தும் குறைந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மூளையில் வேலை செய்யும் பொருள் இரண்டிலும் ஒன்றேதான். பெரியவர்களிடம் அதன் பாதி அளவு குறைய 8 முதல் 12 மணி நேரம் ஆகும். பிறந்த குழந்தையிடம் அதற்கும் பல மடங்கு. ஸ்கேன் முடிந்து கண் விழித்த குழந்தைக்குள் மருந்து இன்னும் இருக்கிறது. காரில் இருக்கையில் வைத்துக் கட்டும்போது தலை முன்னால் கவிழ்ந்து, தாடை மார்பில் அழுந்தி, மூச்சுக்குழல் அடைபட்டு, பின்னாலிருந்த குழந்தை தூங்குகிறது என்றே பெற்றோர் நினைத்துக்கொண்டிருந்த துயரங்கள் உண்மையில் நடந்திருக்கின்றன. வீட்டில் கொடுக்காதீர்கள் என்று நான் முதலிலேயே சொன்னது அதனால்தான்.

புற்றுநோய் பற்றியும் எங்காவது படிப்பீர்கள். சுண்டெலிகளுக்கு நீண்ட காலம் தொடர்ந்து கொடுத்தபோது கல்லீரலில் கட்டிகள் வந்தன. ஒரு பரிசோதனைக்காகக் கொடுத்த ஒரு தடவை மருந்தை அதோடு ஒப்பிட்டுக் கலங்க வேண்டாம். தினமும் தூங்க வைக்க இதைக் கேட்காமல் இருந்தால் போதும்.

அடுத்த தடவை ஈ.ஈ.ஜி. வந்தால், முந்தின இரவு தாமதமாகத் தூங்க வைத்துச் சீக்கிரம் எழுப்பினால் மருந்தில்லாமலே முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பல குழந்தைகளுக்கு அது போதும். மருந்து வேண்டும் என்றால் எத்தனை மணி நேரம் வெறும் வயிறு என்று கேளுங்கள். கொறட்டை, பெரிய டான்சில், இதயக் கோளாறு, மூச்சுக் கோளாறு, சளி இருந்தால் கேட்காமலே சொல்லிவிடுங்கள். எடையை அன்றே பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் முந்தைய எடை வேண்டாம். முதல் அளவுக்குத் தூங்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம் என்று அவசரப்பட விடாதீர்கள். சில குழந்தைகள் தூங்குவதற்குப் பதில் கொஞ்ச நேரம் அழுது புரண்டு கலாட்டா செய்யும், அது தெரிந்த விஷயம்தான். விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பைத் தூக்கம் தொடங்கும்போதே மாட்டச் சொல்லுங்கள். குழந்தை தானாகக் கண் திறந்து, உங்களை அடையாளம் கண்டு, முன்போலவே தலையை நிமிர்த்தி உட்கார்ந்து, ஒரு மடக்குத் தண்ணீர் புரையேறாமல் குடித்த பிறகு கிளம்புங்கள். வழியில் ஒருவர் வண்டி ஓட்டட்டும், இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து அவள் தாடையைப் பார்த்துக்கொண்டே வரட்டும்.